பாட்டியின் பைக்குள் ஒரு போனோகிராப்

நள்ளிரவு. கதவுக்கு வெளியே ‘கொக்கோஸ்’ என்னும் பூதங்கள் நின்று, உள்ளே விழித்திருப்பது யார் என்று கேட்கிறார்கள். நீலகமல் பதில் சொல்லும்வரை பயமில்லை. ராட்சசி வயிற்றில் பிறந்தவன். பெயரைக் கேட்டாலே பின்வாங்குகிறார்கள். அவன் தூங்கிப்போக, காவலுக்கு உட்கார்ந்த சகோதரன் லால்கமல் சொல்லிக்கொடுத்ததை மறந்து தன் பெயரை முதலில் சொல்லிவிடுகிறான். அவ்வளவுதான், கதவு உடைகிறது. வங்காளப் பிள்ளைகள் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும் இடம் இது.

இந்தக் கதையை அச்சில் ஏற்றியவர் தக்ஷிணாரஞ்சன் மித்ர மஜும்தார். 1877இல் டாக்கா மாவட்டத்து உலாயில் கிராமத்தில் பிறந்தவர். அத்தையின் ஜமீனைப் பார்த்துக்கொள்ள மைமன்சிங் பக்கம் ஊர் ஊராகப் போனவர், வரவு செலவோடு கதைகளையும் வசூலித்தார். கிழவிகள் சொல்லச் சொல்ல, போனோகிராபின் மெழுகு உருளையில் பதிந்துகொண்டார். சும்மா கேட்டு எழுதியிருந்தால் கதை மட்டும் மிஞ்சியிருக்கும். இழுவையும் இடைநிறுத்தமும் போயிருக்கும்.

1907இல் கல்கத்தாவில் அந்தக் கதைகள் ‘தாகுர்மார் ஜுலி’ (பாட்டியின் பை) என்ற நூலாக வெளிவந்தன. படங்களும் அவர் வரைந்தவையே. முன்னுரை ரவீந்திரநாத் தாகூர். வங்கப் பிரிவினை நடந்து இரண்டே ஆண்டு. அந்நியத் துணி எரிந்துகொண்டிருந்த காலம். பாட்டி கதையைவிடச் சுதேசிச் சரக்கு வேறென்ன, அதுவும் இப்போது மான்செஸ்டரிலிருந்து வருகிறதே என்று தாகூர் அங்கலாய்த்தார். படித்த வீட்டுப் பிள்ளைகள் இங்கிலீஷ் தேவதைக் கதைகளில் வளர்ந்துகொண்டிருந்தார்கள்.

ஆனால் மெழுகில் பதிந்ததை அப்படியே தக்ஷிணாரஞ்சன் அச்சிட்டுவிடவில்லை. சீவினார், கோத்தார், சந்தம் கட்டினார். ஆராய்ச்சியாளர்கள் இதைக் குறையாகச் சொல்லலாம்; குழந்தைக்கு வேண்டியது ஆவணமா என்ன? எனக்குள்ள குறை வேறு. 1883இல் வங்கக் கதைகளை ஆங்கிலத்தில் தந்த லால் பிஹாரி டே, ஒரு கிறிஸ்தவப் பெண், ஒரு கிழப் பிராமணர், ஒரு நாவிதர் என்று கதை தந்தவர்களை முன்னுரையிலேயே சுட்டுகிறார். மைமன்சிங் கிழவிகளுக்குக் கிடைத்ததோ, தலைப்பில் பொதுவாக ஒரு ‘பாட்டி’தான்.

1909இல் தக்ஷிணாரஞ்சன் தாத்தாவின் பையையும் அவிழ்த்தார்: ‘தாகுர்தாதார் ஜுலி’. மாலஞ்சமாலா போன்ற நெடிய பாட்டுக்கதைகள் அதில்தான் இருக்கின்றன. என் கணக்கில் அழகில் அதுவே ஒரு படி மேல். வீட்டுப் பிள்ளைகளோ பாட்டி பக்கமே சாய்ந்துவிட்டார்கள்.