திரையில் வட்டம்... தறியில் முட்டை! பட்டு டிசைன் லேபில் என்னவெல்லாம் இருக்கணும்?

காஞ்சிபுரம் பட்டுப்புடவை என்றதும் தறி நினைவுக்கு வரும், கம்ப்யூட்டர் வராது. ஆனால், இரண்டும் உறவுக்காரர்கள்தான். 1804-ல் பிரான்ஸைச் சேர்ந்த ஜக்கார்டு உருவாக்கிய தறிக்கருவி, துளையிட்ட அட்டைகளைப் பார்த்தே டிசைன் போட்டது. கம்ப்யூட்டரின் முன்னோடியான சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டது இந்த அட்டை யோசனையைத்தான்!

அதற்கும் முன்பே காஞ்சியில் 'அடை' முறை இருந்தது. டிசைனை நூலிலேயே கட்டிவைத்து, நெய்பவருக்குப் பக்கத்தில் இருக்கும் உதவியாளர் இழைகளைக் கையால் தூக்கிக் கொடுப்பார்.

என்னென்ன கருவிகள்?

டிஜிட்டல் டிசைன் பயிலரங்குக்கு முதலில் தேவை ஸ்கேனர். கையால் வரைந்த அன்னமும் யாளியும் அதன் வழியாகத்தான் கம்ப்யூட்டருக்குள் போகும். அடுத்தது, டிசைன் மென்பொருள். மத்திய அரசின் டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் தரும் 'டிஜிபுனாய்' இலவச, ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். படத்தைக் கட்டங்களாகப் பிரித்துத் தறிக்கேற்ற டிசைனாக்க இது உதவும்.

பிறகு, அட்டையில் துளையிடும் இயந்திரம். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்தால், 2 அங்குல உயரப் புட்டாவுக்கு 120 அட்டை வேண்டும். எலெக்ட்ரானிக் ஜக்கார்டு என்றால் அட்டையே வேண்டாம். ஃபைலை ஏற்றினால் போதும்.

தறி இல்லாவிட்டால்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். திரையில் ஒரு கட்டம் சதுரம். தறியில் அப்படி இல்லை. அங்குலத்துக்குப் பாவு 100 இழை, ஊடை 60 இழை என்றால், 60-க்கு 60 கட்டத்தில் வரைந்த வட்டம் 1 அங்குல உயரம் வரும். அகலமோ அரை அங்குலத்தைச் சற்றே தாண்டும். வட்டம் முட்டையாகிவிடும்! சரிசெய்ய, அகலத்தில் 100 கட்டமும் உயரத்தில் 60 கட்டமுமாக வரைய வேண்டும். எனவே, எத்தனை கம்ப்யூட்டர் இருந்தாலும், மாதிரி நெய்து பார்க்க ஒரு தறியும் அதில் உட்கார ஒரு நெசவாளரும் இல்லாவிட்டால் அது முழுமையான லேப் ஆகாது.

கோர்வையும் அப்படித்தான். உடலுக்கு ஒரு நிறம், இருபக்கக் கரைக்கும் வேறு நிறம் என மூன்று நாடாக்கள் ஓட, இழைகளைக் கோத்து இணைப்பது கைதான். மென்பொருள் அதை வரைந்து காட்டும், நெய்யாது.

எங்கே கேட்கலாம்?

காஞ்சிபுரத்திலேயே மத்திய ஜவுளி அமைச்சகத்தின் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. முறையாகப் படிக்க விரும்பும் இளைஞர்களுக்கு, சேலத்தில் 1960-ல் தொடங்கப்பட்ட இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது.

எந்தப் பயிலரங்கில் சேரும் முன்பும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் வரையும் டிசைனை நெய்து காட்டுவீங்களா?" அப்படி நெய்து பார்த்துக் கற்றுக்கொண்டால், நெசவாளர் வீட்டுப் பிள்ளை டிசைனுக்காக அடுத்தவரை எதிர்பார்க்க வேண்டியதில்லை. அப்பாவின் தறியில் தன் டிசைனை ஏற்றலாம்.