மோட்டார் வண்டியில் முகப்பு விளக்கு எரியாமை

அருப்புக்கோட்டைக்கு அணித்தாகவுள்ள பாளையம்பட்டியினின்று இரவில் வண்டி செலுத்துவோர் இருவகைச் சாலைகளை அறிவர். ஒன்று மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ஓடும் அகன்ற நான்கு வழிச் சாலை. மற்றொன்று அருப்புக்கோட்டையைக் கடந்து திருச்சுழி, நரிக்குடி நோக்கிக் கரிசற் காட்டினூடே செல்லும் ஒடுங்கிய சாலை. பின்னதில் ஊர்கள் ஒன்றுக்கொன்று சேய்மையாக இருக்கின்றன; இரு மருங்கும் சீமைக் கருவேல் மண்டிக் கிடக்கின்றது; கண்மாய்க் கரையை அடுத்து வரும் வளைவுகளோ பகலிலும் கருத்துடன் கடக்க வேண்டியவை. வெயில் தணிந்த பின்னரே ஆடுமாடுகளை ஓட்டி வருவோரும், கால்நடையாக ஊர் திரும்புவோரும் அச்சாலையில் பலர். இத்தகைய இடத்தில் முகப்பு விளக்கு திடீரென்று அவிந்துவிடின் யாது செய்வது? பெரும்பாலோர் ஸ்விட்சைப் பலமுறை திருப்பிப் பார்த்து, விளக்குக் கூட்டைக் கையால் ஓங்கித் தட்டி, அதனாலும் பயனின்றேல் சிறு விளக்கைக் கொண்டே ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம் எனத் துணிகின்றனர்.

இத்துணிவு எத்துணை அபாயமானது என்பதைக் கணக்கிட்டுக் காண்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேற் கடக்கின்றது. எதிரே ஓர் ஆளைக் கண்டு பிரேக்கில் காலை வைப்பதற்கு ஒரு நொடி முதல் ஒன்றரை நொடி வரை செல்லும். அதற்குள் வண்டி 17 முதல் 25 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்த பின்னும் உலர்ந்த சாலையில் நிற்பதற்கு 20 மீட்டரேனும் வேண்டும். ஆக 40 மீட்டருக்குக் குறையாத தூரம் கண்ணுக்குத் தெரிந்தாலன்றி உயிரைக் காத்தல் இயலாது. பக்கத்திலுள்ள 5 வாட் சிறு விளக்கு, வண்டி இருப்பதைப் பிறர்க்குக் காட்டுமேயன்றி, சாலையை ஓட்டுவோர்க்குக் காட்டாது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, முகப்பு விளக்கின் ஒளியில் 155 மீட்டர் தொலைவிலுள்ள ஆட்களும் வண்டிகளும் தெளிவாகப் புலப்படவேண்டும் என வகுத்திருப்பதன் காரணமும் இதுவே.

மோட்டார் வண்டி தோன்றிய புதிதில் கார்பைடு வாயு விளக்குகளே அதற்கு இருந்தன. அவை அவிந்தால் நீர் வற்றிற்று, அல்லது கார்பைடு தீர்ந்தது என்று எவரும் உடனே சொல்லிவிடுவர். 1912-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் காடிலாக் வண்டியில் மின்சார ஸ்டார்ட்டரும் மின்விளக்கும் ஒருங்கே அமைந்தது முதல், ஒளி பெருகிற்று. அதனுடன் பழுதும் கண்ணுக்கு மறைந்த இடத்திற் போய் ஒளிந்துகொண்டது. ஆயினும் அது மாயமன்று. பேட்டரியினின்று புறப்படும் மின்னோட்டம் பியூஸ், ரிலே, ஸ்விட்ச், டிம்-பிரைட் மாற்றி ஆகியவற்றின் வழியே பல்பை அடைந்து, அங்கிருந்து வண்டியின் இரும்புடல் வழியாகவே பேட்டரிக்குத் திரும்புகின்றது. இவ்வட்டத்தில் எங்கேனும் ஓரிடம் அறுபட்டிருத்தல் வேண்டும். அவ்விடம் எது என்று அறிதலே நம் வேலை.

கருவி எதையும் கையில் எடுக்குமுன் வண்டியையே வினாவுதல் நன்று. ஹாரன் உரக்க ஒலிக்கின்றதா? ஒலிப்பின் பேட்டரியிற் குறையில்லை. விளக்கு ஒன்று மட்டும் எரியவில்லையா, இரண்டுமா? ஒன்று மட்டுமாயின் அவ்விளக்கின் பல்பு, கப்ளர், எர்த் ஆகியவற்றையே ஐயுறல் வேண்டும். பல வண்டிகளில் இடத்திற்கும் வலத்திற்கும் தனித்தனிப் பியூஸ் இருத்தலின் அதையும் சேர்த்துக்கொள்க. இரண்டும் எரியாவிடில் இரண்டிற்கும் பொதுவான உறுப்புகளாகிய ரிலேயையும் ஸ்விட்சையும் நோக்குக. டிம் எரியாமல் பிரைட் எரிகின்றதா? அவ்வாறாயின் வழியின் பெரும்பகுதி செவ்வையாயிருக்கின்றது. பிரைட்டிலேயே மெல்லச் சென்று அடுத்த ஊரை அடையலாம். எதிரே வருவோர் கண் கூசும் என்பதை மறவாது, அவர் கடக்குமளவும் ஓரமாக நிற்பது முறை.

பல்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1971-இல் வந்த எச்-4 என்னும் ஹாலஜன் பல்பில் டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட் என இரண்டு இழைகள் உள்ளன. இழை அறுந்திருப்பின் கண்ணாலேயே காணலாம். புதியதை மாட்டுங்கால் அதன் கண்ணாடியை விரலால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் மிகச் சூடேறி, பல்பு விரைவில் கெடும். இரண்டு பல்புகளும் ஒரே இரவிற் போயினவென்று சிலர் முறையிடுவர். பெரும்பாலும் ஒன்று முன்னரே போயிருக்கும். உடையவர் அதைக் கவனித்திரார். உண்மையில் இரண்டும் ஒருங்கே போயிருப்பின் ஆல்டர்னேட்டர் அளவுக்கு மிஞ்சி மின்சாரம் தருகின்றதா என்று பார்த்தல் வேண்டும். 14 வோல்ட்டை ஒட்டி நிற்கவேண்டியது 15-ஐத் தாண்டுமாயின், எத்தனை பல்பு மாற்றினும் நில்லாது.

பியூஸ் உருகியிருந்தால் அதே அளவுள்ள வேறொன்றை இடுக. அதுவும் உடனே உருகுமாயின், எங்கோ ஒரு வயர் தோலுரிந்து இரும்பில் படுகின்றது என்பது பொருள். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றியோ, தடித்த கம்பியைச் செருகியோ விளக்கை எரிய வைக்கும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அப்பொழுது பியூஸுக்குப் பதிலாக உருகுவது வயர். அதையடுத்து எரிவது வண்டி. பல நாள் நிறுத்தி வைத்த வண்டிகளில் எலி வயரைக் கடித்து வைப்பதும் உண்டாகையால், பானெட்டைத் திறந்து வயர்க் கற்றையைக் கண்ணோட்டமிடுதல் நலம்.

எனினும், நாம் மிகுதியும் வற்புறுத்த விரும்புவது எர்த் பற்றியதே. ஐப்பசி கார்த்திகை மழையில் கப்ளருக்குள் நீர் புகுந்து, பின்னர்க் கோடையில் உலர்ந்து, பித்தளை முனைகளிற் பச்சைக் களிம்பு ஏறிவிடுகின்றது. எர்த் வயரை உடலோடு பிணைக்கும் திருகாணியின் அடியில் துரு படர்கின்றது. இதன் விளைவைக் காண்க. எரியும் 55 வாட் பல்பின் தடை ஏறத்தாழ 2.6 ஓம். களிம்பேறிய மூட்டில் அரை ஓம் தடை ஏற்பட்டதென்று கொள்வோம். 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 வோல்ட் அம்மூட்டிலேயே செலவழிந்து, பல்புக்கு 10 வோல்ட்டே கிடைக்கும். வோல்ட் ஆறில் ஒரு பங்கு குறைய, ஒளியோ ஏறக்குறையப் பாதியாகிவிடும். இழந்த மின்சக்தி மூட்டிற் சூடாக மாறிக் கப்ளரின் பிளாஸ்டிக்கை இளகச் செய்யும். இளகிய மூட்டு இன்னும் தளரும். இறுதியில் விளக்கு முற்றும் அவியும். ஆகவே விளக்கு அவிந்த நாளன்று தொடங்கிய நோயன்று இது. மஞ்சளாக மங்கி எரிந்த நாட்களிலேயே தொடங்கியது. அதிக ஒளி வேண்டி 100 வாட் பல்பு இடுவோர் இந்நோயைத் தாமே விலை கொடுத்து வாங்குகின்றனர்.

ஒரு விளக்கின் எர்த் முற்றும் அறுந்தால் வேடிக்கையான நிகழ்ச்சி ஒன்று உண்டாகும். டிம் இழையின் வழியே வந்த மின்னோட்டம் இறங்க வழியின்றிப் பிரைட் இழையின் வழியாகத் திரும்பி, மறுபக்கத்து விளக்கின் எர்த்தைத் தேடிச் செல்லும். அதனால் பழுதுபட்ட விளக்கின் இரண்டு இழைகளும் மின்மினிபோல் மங்கி எரியும். பிரைட் போடாமலே ஓட்டுவோர் முன்னுள்ள நீல விளக்கும் சில வண்டிகளில் இலேசாக ஒளிரும். இக்குறியைக் கண்டவர் பல்பு வாங்கக் கடைக்கு ஓட வேண்டுவதில்லை. எர்த் திருகாணியைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக முடுக்கினாற் போதும்.

ரிலேயை அறிவது எளிது. ஸ்விட்சைத் திருப்புங்கால் ‘டிக்’ என்னும் ஓசை கேளாவிடில், ஸ்விட்சோ ரிலேயோ கெட்டிருக்கும். அதே எண்ணுடைய ஹாரன் ரிலேயைக் கழற்றி இதனிடத்திற் பொருத்திப் பார்க்கலாம். ஓசை கேட்டும் எரியாவிடில் உள்முனைகள் கருகியிருத்தல் கூடும். அதற்கும் இதுவே சோதனை. இரண்டு வயர் இணைத்த ஒரு சிறு 12 வோல்ட் பல்பு இருந்தால் மற்றதெல்லாம் கைகூடும். ஒரு முனையை உடலில் வைத்து மறுமுனையைக் கப்ளரில் தொடுக. எரிந்தால் மின்சாரம் அதுவரை வந்துவிட்டது. ஜப்பானிய முறையில் அமைந்த சில வண்டிகளில் ஸ்விட்ச் எர்த் பக்கத்தில் இருப்பதால், அவற்றிற்கு ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவில் வைக்க வேண்டும். எல்.இ.டி. விளக்கும் கணினிக் கட்டுப்பாடும் உள்ள வண்டிகளில் இச்சோதனை பொருந்தாது. வாயு நிரப்பிய ஸெனான் விளக்குகளில் பற்றவைக்கும்போது 20,000 வோல்ட்டுக்கு மேல் எழும் என்பதால், அவற்றைத் திறவாதிருத்தலே நன்று.

இவ்வளவும் செய்து பயனில்லையாயின், வண்டியைச் சாலையை விட்டு இறக்கி, நான்கு சைகை விளக்குகளையும் ஒருங்கே மினுக்க விட்டு, சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் 50 மீட்டரேனும் தள்ளி வைத்துவிட்டு, பிரயாணிகளை வண்டிக்குள்ளன்றிச் சாலையோரத்திற்கு அப்பால் அமர்த்துக. வேறு வண்டி வரின் அதன் பின்னொளியைப் பற்றிக்கொண்டு ஓட்டிச் செல்ல முயல வேண்டா. முன் வண்டி வளைவில் திரும்பிய கணமே கண் இருண்டுவிடும். அவ்வண்டியில் ஓர் ஆளை அருப்புக்கோட்டைக்கு அனுப்பி எலக்ட்ரீஷியனை அழைத்து வரலாம். அவரும் கிடையாவிடில் விடியுமளவும் அங்கேயே இருக்கலாம்.