முதுகுக்குப் பின்னால் ஒரு கண்

பனித்தளத்தின் மூலையில் வட்டு கிடக்கிறது. அதை எடுக்க ஒரு தடுப்பாட்டக்காரர் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சறுக்கிப் போகிறார். அவர் முகம் பலகைச் சுவரைப் பார்த்திருக்கிறது; ஆட்டமோ முதுகுக்குப் பின்னால் நடக்கிறது. துரத்தி வரும் எதிரணிக்காரர் எத்தனை அடி தள்ளி இருக்கிறார், எந்தப் பக்கம் இடம் காலி, எதுவும் அவர் கண்ணில் படாது. ஆனாலும் வட்டைத் தொட்ட மறுகணமே சரியான திசையில் தள்ளிவிட்டுத் திரும்புகிறார். அவருக்காக வேறொருவர் பார்த்தார். பார்த்ததை ஒரே சொல்லில் சொன்னார். அவ்வளவுதான் ரகசியம்.

ஐஸ் ஹாக்கிக்காரர்களின் பேச்சு இங்கேதான் தொடங்குகிறது. "வீல்" என்று கோல்கீப்பர் கத்தினால், 'வேகத்தைக் குறைக்காதே, வட்டோடு கோல் வலையைச் சுற்றிக்கொண்டு போ' என்று பொருள். "ரிவர்ஸ்" என்றால், 'வந்த வழியிலேயே வட்டைப் பின்னால் விட்டுவிடு, உன் கூட்டாளி எடுத்துக்கொள்வார்.' "ஓவர்" என்றால் எதிர்ப்பக்கக் கூட்டாளிக்கு. "ரிம்" என்றால் பலகைச் சுவரை ஒட்டி வளைத்து அனுப்பு. "மேன் ஆன்" என்றால் ஆள் உன் தோளுக்கே வந்துவிட்டார். "டைம்" என்றால் பதறாதே, நேரம் இருக்கிறது. அணிக்கு அணி சில சொற்கள் மாறும். எல்லாமே ஒன்றிரண்டு அசைகள்தான்.

ஏன் இந்தச் சிக்கனம்? வட்டைப் பாருங்கள். பக் என்று அழைக்கப்படும் அந்த ரப்பர் வில்லையின் விட்டம் 7.62 சென்டிமீட்டர், தடிமன் 2.54 சென்டிமீட்டர். எடை 156 முதல் 170 கிராம். நம் கிரிக்கெட் பந்தின் எடையும் கிட்டத்தட்ட அதுதான். துள்ளாமல் இருப்பதற்காக ஆட்டத்துக்கு முன்பே அதை உறையவைத்து விடுகிறார்கள். கிரிக்கெட் பந்துவீச்சில் மணிக்கு 160 கிலோமீட்டர் அபூர்வம். இங்கே வலுவான அடிகள் அந்த வேகத்தைத் தொடுகின்றன. 2012இல் திறன் போட்டி ஒன்றில் ஸ்டெனோ சாரா அடித்த வட்டு மணிக்கு 175 கிலோமீட்டரில் பறந்தது. தளத்தின் குறுக்கே போடப்பட்ட நீலக் கோட்டிலிருந்து கோல் கோடு வரை சுமார் 19.5 மீட்டர். 160 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க அரை விநாடிகூட ஆகாது. அதற்குள் முழு வாக்கியம் பேசி முடியாது.

இந்தப் பேச்சுக்கு நம் உடலமைப்பும் துணை செய்கிறது. கண்ணைவிடக் காது வேகமானது! விழித்திரையில் விழும் ஒளி, வேதிவினைகள் பலவற்றைத் தாண்டித்தான் நரம்புச் செய்தியாக மாறும். காதிலோ ஒலி அதிர்வு நுண்ணிய மயிரணுக்களை நேரடியாக அசைக்கிறது. அந்த அசைவே செய்தியாகிவிடுகிறது. ஒளியைக் கண்டு எதிர்வினை காட்டுவதைவிட, ஒலியைக் கேட்டு எதிர்வினை காட்டுவதில் நாம் ஏறத்தாழ 40 மில்லிவிநாடி முந்துகிறோம். மில்லிவிநாடி என்பது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அற்பமாகத் தோன்றலாம். ஆனால் 30 கிலோமீட்டர் வேகத்தில் சறுக்குபவர் அந்த இடைவெளியில் ஓர் அடிக்கு மேல் நகர்ந்திருப்பார். மட்டையின் வளைந்த நுனிப்பகுதி அந்த அளவுதான் இருக்கும். வட்டு மட்டையில் சிக்குமா, நழுவுமா என்பது அந்த ஓர் அடியில் இருக்கிறது.

மானுடவியலாளர் எட்வின் ஹட்சின்ஸ் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றில் வழிகாட்டும் குழுவைக் கவனித்து 1995இல் ஒரு நூல் எழுதினார். கப்பல் எங்கே இருக்கிறது என்ற கணக்கு எந்தத் தனி மாலுமியின் தலைக்குள்ளும் முழுதாக நடப்பதில்லை; ஆட்களுக்கும் கருவிகளுக்கும் இடையே பிரிந்து நடக்கிறது என்று காட்டினார். இதைப் 'பகிர்ந்த அறிதல்' எனலாம். பனித்தளத்தில் நடப்பதும் இதுவே என்பது என் கணிப்பு. ஒருவர் கண், இன்னொருவர் கை, நடுவில் ஒரு சொல்.

ஆள் மாற்றும் விதம் இன்னும் வியப்பானது. ஓர் அணியில் ஆட்டத்துக்குச் சுமார் 20 பேர். தளத்தில் வழக்கமாக 6 பேர். கோல்கீப்பர் தவிர மற்றவர்கள் சுமார் 45 விநாடிக்கு ஒருமுறை பெஞ்சுக்குத் திரும்பிவிடுவார்கள். தசையில் உடனடி எரிபொருளாக இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட், முழு வேகத்தில் பத்து விநாடி அளவுக்கே தாங்கும். பிறகு ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைத்துச் சமாளிக்க வேண்டும்; கால் சீக்கிரமே கனத்துவிடும். ஆகவே ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் பலகைச் சுவரைத் தாண்டி உள்ளே வர, இன்னொருவர் வெளியே போகிறார். கணக்குத் தப்பி ஓர் ஆள் கூடினால், அணி இரண்டு நிமிடம் ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். அதனால் யார் யாருக்குப் பதில் என்று பெஞ்சில் பெயர்கள் பறந்துகொண்டே இருக்கும்.

அந்தப் பெயர்களுக்கும் ஓர் இலக்கணம் இருக்கிறது. பேட்ரிஸ் பெர்ஜரான் சுருங்கி "பெர்ஜி" ஆனார். ஆனால் பேட்ரிக் கேன் நீண்டு "கேனர்" ஆனார்! மூன்றசைப் பெயர் குறைகிறது, ஓரசைப் பெயர் வளர்கிறது. இரண்டும் ஈரசையில் வந்து சந்திக்கின்றன. ரஷ்யாவிலிருந்து வந்த ஒவெச்கினும் "ஓவி"தான். எந்த நாட்டிலிருந்து வந்தாலும் உடைமாற்றும் அறை இப்படியொரு பெயரை வைத்துவிட்டால், ஆள் உள்ளே வந்துவிட்டார் என்று பொருள்.

குரல் எட்டாத இடத்தில் மட்டை பேசும். மான்ட்ரியலின் பெல் சென்டர் அரங்கில் சுமார் 21,000 பேர் உட்காரலாம். அந்த இரைச்சலிலும் பனிமேல் மட்டை தட்டும் ஓசை தனித்துக் கேட்கும். ஒரு தட்டு, 'வட்டை எனக்குக் கொடு.' எதிரணியின் தண்டனை நேரம் முடியப்போகிறது என்பதையும் கோல்கீப்பர் மட்டையைத் தட்டித்தான் தெரிவிப்பார். கையுறை போட்டிருப்பதால் கைதட்டலும் மட்டையால்தான். அடிபட்டு விழுந்தவர் எழுந்து நின்றால் இரு அணிகளும் தட்டும்.

மட்டை மௌனமாகவும் பேசும். 2018 ஏப்ரல் 6 அன்று கனடாவின் சாஸ்கச்சுவான் மாகாணத்தில் ஹம்போல்ட் பிராங்கோஸ் என்ற இளைஞர் அணியின் பஸ்ஸும் ஒரு லாரியும் மோதி 16 பேர் இறந்தனர். அடுத்த நாட்களில் கனடா முழுவதும் மக்கள் தங்கள் வீட்டு வாசலில் ஹாக்கி மட்டைகளைச் சாய்த்து வைத்தார்கள். யாரும் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை.

இவ்வளவு நெருக்கமான சமூகம் எல்லோருக்கும் ஒரே மாதிரி கதவைத் திறக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வில்லி ஓரீ, வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் ஆடிய முதல் கறுப்பினத்தவர். 1958 ஜனவரி 18 அன்று போஸ்டன் அணிக்காகக் களமிறங்கினார். சொந்த அணியினர் துணை நின்றார்கள். பார்வையாளர் வரிசையிலிருந்தும் எதிரணிகளிடமிருந்தும் இனவசை வந்தது. அவருக்கு வலது கண்ணில் பார்வை ஏறக்குறைய முற்றிலும் போயிருந்தது. லீகில் சேரும் முன்பே ஒரு வட்டு பட்டதன் விளைவு அது. தெரிந்தால் ஆட விடமாட்டார்கள் என்று அதை மறைத்தபடியே 1979 வரை தொழில்முறையாக ஆடினார். அவர் அணிந்த 22ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று போஸ்டன் அணி கௌரவித்தது 2022 ஜனவரி 18 அன்று. முதல் ஆட்டம் முடிந்து அப்போது சரியாக 64 ஆண்டுகள் ஆகியிருந்தன.