நன்மை செய்யும் முட்டுக்கட்டை

வகுப்பில் மேசையின் கால் ஆடினால் என்ன செய்வோம்? காகிதத்தை மடித்து அடியில் செருகுவோம். ஆட்டம் நின்றுவிடும். ஆனால் 2,300 டன் எடையுள்ள இயந்திரம் ஆடினால்? கப்பல் பொறியாளரான என் தந்தை விடுமுறையில் வந்தபோது இதை எனக்கு விளக்கினார்.

டென்மார்க்கில் கட்டப்பட்டு 2006-ஆம் ஆண்டு கடலில் இறங்கிய ‘எம்மா மேர்ஸ்க்’ என்னும் சரக்குக் கப்பலின் டீசல் இயந்திரம் ஏறத்தாழ 2,300 டன் எடையும் 27 மீட்டர் நீளமும் உடையது. இத்தகைய இயந்திரங்கள் கப்பலின் அடித்தளத்திலுள்ள எஃகுப் பீடத்தின்மேல் அமர்கின்றன.

முதலில் திருகுகளால் இயந்திரத்தைச் சற்று உயர்த்தி, விசிறியைச் சுழற்றும் தண்டுக்கு நேராக நிறுத்துவர். கப்பல் நீரில் மிதக்கும்போது அதன் உடல் சிறிது வளையும். ஆதலால் மிதக்கும் நிலையிலும் நேர் பார்ப்பது அவசியம். பின்பு பீடத்துக்கும் இயந்திரத்துக்கும் உள்ள இடைவெளியை முட்டுக்கட்டைகளால் நிரப்புவர். பொறியாளர்கள் இவற்றைச் ‘சாக்’ என்பர்.

முன்பெல்லாம் வார்ப்பிரும்புத் துண்டுகளை இடத்துக்கு இடம் அளந்து, கையால் அராவிப் பொருத்துவார்களாம். இப்போது பெரும்பாலும் எபாக்சி என்னும் பிசினைக் கடினமாக்கும் மருந்துடன் கலந்து ஊற்றுகிறார்கள். அது இடுக்குகளை நிரப்பிக் கல்லாக இறுகும். அதன்பின் எண்ணெய் அழுத்தத்தால் போல்ட்டுகளை இழுத்து நீட்டி, நட்டுகளை முடுக்குவர். நீண்ட போல்ட் மீண்டும் சுருங்க முயலும். அந்தப் பிடியே இயந்திரத்தைப் பீடத்தோடு இறுக்குகிறது. பக்கவாட்டில் நகராதிருக்கப் பக்க முட்டுகளும் உண்டு.

விசிறி நீரைப் பின்னே தள்ளும்போது கப்பலை முன்னே செலுத்தும் விசை, பெரிய கப்பல்களில் இயந்திரத்தின் வழியே வந்து இந்தப் பிடியினால்தான் கப்பலைச் சேருகிறது. ஒரு போல்ட் தளர்ந்தாலும் முட்டுக்கட்டை உராய்ந்து தேயும்; அடுத்த போல்ட்டும் தளரும்; நாளடைவில் இயந்திரத்தின் அடிப்பாகம் வளையும். முடிவில் வளைதண்டில் விரிசல் காணும். நடுக்கடலில் இயந்திரம் நின்றால் கப்பல் அலைகளின் கையில்தான்!

என் தந்தை போல்ட்டுகளைச் சுத்தியலால் தட்டி ஒலியைக் கேட்பாராம். “இறுகியது கணீரென்னும், தளர்ந்தது மந்தமாய் ஒலிக்கும்” என்றார்.

நற்செயலுக்கு முட்டுக்கட்டை போடாதே என்கிறோம். ஆயினும் யாரும் பாராத இடத்திலிருந்து பாரம் தாங்கும் முட்டுக்கட்டைகளும் உண்டு. புயலடிக்கும் இரவுகளில் என் தாய் உறங்குவதில்லை. நான் அந்த முட்டுக்கட்டைகளை நினைத்துக்கொண்டு அவர் அருகில் அமர்ந்திருப்பேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி