எத்தனை பேர் இறந்திருக்க வேண்டும்?

மருத்துவமனையில் ‘டேட்டா அனலிஸ்ட்’ என்று ஒருவர் உட்கார்ந்து என்ன செய்வார், அதனால் சிகிச்சையின் தரம் எப்படி உயரும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பயிற்சி நிலையங்களின் விளம்பரங்களைப் பார்ப்பவருக்கு இந்த ஐயம் வருவது இயல்பு. பெரிய திரை, அதில் சுழலும் வண்ண வட்டங்கள், ஓரத்தில் ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற முத்திரை, ஆறு மாதம் படித்தால் உயிர்களைக் காப்பாற்றலாம் என்ற தோரணை. வண்ண வட்டங்களால் இதுவரை யாரும் பிழைத்ததாகத் தெரியவில்லை. அந்த நாற்காலியில் இருப்பவர் செய்யக்கூடிய உருப்படியான வேலை வேறு. கேட்கக் கொஞ்சம் கொடூரமாகவும் இருக்கும். எத்தனை பேர் இறந்தார்கள் என்ற எண் எல்லா மருத்துவமனைகளிலும் இருக்கிறது. வந்த நோயாளிகளின் நிலையைப் பார்த்தால் எத்தனை பேர் இறந்திருக்க வேண்டும் என்ற இன்னோர் எண்ணைக் கணக்கிட்டு, அதை முதல் எண்ணின் பக்கத்தில் வைப்பதுதான் அவர் வேலை. இரண்டாவது எண் இல்லாத இடத்தில் முதல் எண் வெறும் வதந்தி.

வரலாறு இல்லாவிட்டால் கட்டுரை நிறையாது என்பவர்களுக்காக ஒரு பத்தி. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் மருத்துவமனைகளைப் பற்றி எழுதிய நூலின் 1863-ஆம் ஆண்டுப் பதிப்பில், லண்டனின் 24 மருத்துவமனைகளில் இறப்பு விகிதம் 90.84 சதவீதம் என்று ஓர் அட்டவணை இருந்தது. கணக்குப் போட்டவர் சாமானியர் இல்லை. அன்றைய இங்கிலாந்தின் பேர்பெற்ற புள்ளியியலாளர் வில்லியம் ஃபார். ஆண்டு முழுக்க இறந்தவர்களின் தொகையை, ஒரே ஒரு நாளில் படுக்கையில் இருந்தவர்களின் தொகையால் வகுத்திருந்தார். ஒரே படுக்கையில் ஆண்டு முழுக்கப் பல பேர் படுத்து எழுந்து போவார்கள் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. மருத்துவர்கள் கொதித்தார்கள், அந்தக் கொதிப்பில் நியாயம் இருந்தது. அரை நூற்றாண்டு கழித்து பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர், ஆபரேஷன் செய்துகொண்ட ஒவ்வொருவரும் பிறகு என்ன ஆனார் என்று பின்தொடர்ந்து முடிவை அச்சிட வேண்டும் என்று வாதாடினார். சக மருத்துவர்களுக்கு அது ரசிக்கவில்லை. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் பதவியை 1914-இல் அவர் உதறினார். வரலாறு போதும்.

ஃபார் தடுக்கி விழுந்த இடம், அதாவது எதை எதனால் வகுப்பது என்பது, இன்றும் வழுக்குகிற இடம்தான். ‘99 சதவீத வெற்றி’ என்று ஒரு மருத்துவமனை பலகை வைத்தால், வெற்றி என்று எதைச் சொல்கிறார்கள், யாரையெல்லாம் எண்ணினார்கள் என்பதுதான் முதல் கேள்வி. நம்மூரில், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்ற நிலையில் இருப்பவரைக் குடும்பத்தார் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அழைத்துப் போவது சாதாரணம். ஆம்புலன்ஸ் வாசலைத் தாண்டிய பிறகு மூச்சு நின்றால், மருத்துவமனைப் பதிவேட்டைப் பொறுத்தவரை அவர் இறக்கவில்லை. மருத்துவ ஆலோசனையை மீறி டிஸ்சார்ஜ் ஆனவர். இப்படி எண்ணினால், கடைசி நேரத்தில் நோயாளியை வெளியே அனுப்புகிற மருத்துவமனையே ஊரில் சிறந்ததாகத் தெரியும். இதைத் தவிர்க்கத்தான் ஆபரேஷன் முடிந்து 30 நாளுக்குள் எங்கே இறந்தாலும் எண்ணுவது என்ற வழக்கம் வந்தது. கேட்க எளிது. ஆனால் முப்பதாம் நாள் அந்த வீட்டுக்கு யாராவது போன் செய்ய வேண்டும். அனலிஸ்டின் மூலப்பொருள் கணினியில் விளைவதில்லை, அந்தப் போனில்தான் விளைகிறது.

வகுத்தலைச் சரிசெய்துவிட்டோம் என்று வைத்துக்கொண்டால், அடுத்து வருவதுதான் சுவையான சிக்கல். ஒரு தெருவில் இரண்டு மளிகைக் கடைகள், இரண்டு அண்ணாச்சிகள், இரண்டு கடன் நோட்டுகள். முதல் அண்ணாச்சி மாதச் சம்பளக்காரர்களுக்கு மட்டும் கடன் கொடுப்பார். நூற்றுக்கு இரண்டு பேரிடம் பணம் வராமல் போகிறது. இரண்டாமவர் சித்தாள் வேலைக்குப் போகிறவர், பூ விற்கிறவர், மழை பெய்தால் கூலி இல்லாதவர் எனத் தினக்கூலிக்காரர்களுக்குக் கொடுப்பார். அவருக்கு நூற்றுக்குப் பத்து பேர் பணம் தராமல் நிற்கிறார்கள். வராக்கடனை மட்டும் எண்ணினால் முதலாமவரே கெட்டிக்காரர். ஆனால் சம்பளக்காரர்களில் நூற்றுக்கு ஒருவரும், தினக்கூலிக்காரர்களில் நூற்றுக்கு இருபது பேரும் நிற்பதுதான் அந்த வட்டார வழக்கம் என்று தெரிந்தால் கதை தலைகீழாகிறது. முதலாமவர் வழக்கத்தைவிட இரு மடங்கு இழந்தவர். இரண்டாமவர் இழப்பைப் பாதியாகக் குறைத்தவர். இதய அறுவை சிகிச்சையில் இந்த ‘வட்டார வழக்கத்தை’ கணக்கிடுவதற்குப் பெயர் ஆபத்து மதிப்பீடு. ஐரோப்பாவில் கிட்டத்தட்ட 20,000 நோயாளிகளின் விவரங்களிலிருந்து 1999-இல் உருவான ‘யூரோஸ்கோர்’ அப்படி ஒன்று. வயது, சிறுநீரகத்தின் நிலை, இதயம் ரத்தத்தை இறைக்கும் திறன், அவசர ஆபரேஷனா என்பது போன்றவற்றைக் கொடுத்தால், இவருக்கு இறப்பு வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று சொல்லும்.

இந்தச் சதவீதத்தை வைத்து ஒரு கணக்கு நோட்டு எழுதும் முறையை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1997-இல் ‘லான்செட்’ இதழில் முன்வைத்தார்கள். இந்தத் துறையில் இதைவிட அழகான ஒன்று இல்லை என்பது என் கட்சி. விதி இதுதான்: நோயாளி பிழைத்தால், அவருக்கு இருந்த ஆபத்தின் அளவு வரவு, இறந்தால், ஒன்றிலிருந்து அந்த ஆபத்தைக் கழித்த மிச்சம் பற்று. 2 சதவீத ஆபத்துள்ளவர் பிழைக்கிறார்: 0.02 வரவு. 5 சதவீதக்காரர் பிழைக்கிறார்: 0.05. எல்லோரும் கைவிட்ட 30 சதவீதக்காரர் பிழைக்கிறார்: ஒரேயடியாக 0.30. இருப்பு 0.37. அடுத்து 4 சதவீதக்காரர், சாதாரண ஆபரேஷன், இறந்துவிடுகிறார்: 0.96 பற்று. இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே 0.59. அடுத்தவருக்கு 40 சதவீத ஆபத்து, அவரும் இறக்கிறார்; ஆனால் பற்று 0.60 மட்டுமே. இப்போது இருப்பு மைனஸ் 1.19. அந்த எண்ணுக்கு அலகும் உண்டு, உயிர். இந்த ஐந்து பேரில் எதிர்பார்த்ததைவிட 1.19 உயிர் கூடுதலாகப் போயிருக்கிறது என்று பொருள். எளிய நோயாளியை இழந்தால் அடி பலம், கடினமானவரை மீட்டால் பரிசு பெரிது என்ற, ஒவ்வொரு மருத்துவரும் மனதுக்குள் வைத்திருக்கும் நீதி, வெறும் கழித்தலில் வந்துவிடுகிறது. நேர்மைக்குச் சோதனையும் எளிது. 30 சதவீத ஆபத்துள்ள நூறு பேரில் 70 பேர் பிழைத்தால் வரவு 21, இறந்த 30 பேருக்குப் பற்று 21, இருப்பு பூஜ்யம். 2 சதவீத ஆபத்துள்ள நூறு பேருக்கும் இதே பூஜ்யம்தான். ஆகவே யாரை எடுத்துக்கொண்டோம் என்பது கணக்கைக் கெடுக்காது. எப்படிப் பார்த்துக்கொண்டோம் என்பதே, இருப்பை நோயாளிக்கு நோயாளி குறித்து வரையும் கோட்டை ஏற்றும், இறக்கும்.

ஏற்றும், இறக்கும் என்றால் எவ்வளவு? அதிர்ஷ்டம் என்ற மூன்றாம் ஆள் இங்கே நுழைகிறார். ஒரே திறமையுள்ள 100 மருத்துவர்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் 4 சதவீத ஆபத்துள்ள 50 பேருக்கு ஆபரேஷன் செய்கிறார்கள். ஆளுக்கு இரண்டு இறப்பு எதிர்பார்க்கலாம். நிகழ்தகவுக் கணக்குப்படி அவர்களில் சுமார் 13 பேருக்கு ஓர் இறப்பும் இருக்காது; சுமார் 14 பேருக்கு நான்கோ அதற்கு மேலோ இருக்கும். திறமையில் இம்மிகூட வேறுபாடில்லை. ஆனால் ஆண்டுக்கூட்டத்தில் முதல் வகையினருக்குப் பொன்னாடை, இரண்டாம் வகையினருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம். தரவரிசைப் பட்டியல் போடும் பத்திரிகைகள் ஆண்டுதோறும் செய்வது பெரும்பாலும் இந்தச் சீட்டுக் குலுக்கலைத்தான். நல்ல அனலிஸ்ட் கோட்டின் இருபுறமும், தற்செயல் மட்டுமே இதுவரை இழுத்துச் செல்லும் என்ற எல்லையை வரைந்து வைப்பார். அதற்குள் நடப்பதற்குக் காரணம் தேட மாட்டார். தேடச் சொல்லும் மேலதிகாரியிடம் முடியாது என்றும் சொல்வார். சம்பளத்தில் பாதி இதற்காகவே கொடுக்கலாம்.

எல்லை தாண்டினால்? லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையின் மார்க் டி லெவல், பிறந்த குழந்தைகளின் இதயத்தில் இடம் மாறியிருக்கும் இரண்டு பெரிய தமனிகளை மாற்றித் தைக்கும் ஆபரேஷனில் தேர்ந்தவர். முதல் 52 குழந்தைகளில் ஒருவர்தான் இறந்தார். அடுத்த 16 பேரில் ஏழு பேர் இறந்தார்கள். கெட்ட நேரம் என்று சொல்லி நகர்ந்திருக்கலாம். அவரோ, ஆலைப் பொருள்களின் தரத்தைக் கண்காணிக்க இ. எஸ். பேஜ் 1954-இல் உருவாக்கிய திரள் கூட்டல் வரைபடத்தைத் தன் ஆபரேஷன்கள்மீதே போட்டுப் பார்த்து, 104 குழந்தைகளின் கணக்கை 1994-இல் வெளியிட்டார். இறப்பை மட்டும் எண்ணாமல், இதய-நுரையீரல் இயந்திரத்திலிருந்து பிரித்தபின் மறுபடியும் அதிலேயே இணைக்க நேர்ந்த, மயிரிழையில் தப்பிய குழந்தைகளையும் எண்ணினால் எச்சரிக்கை இன்னும் முன்பே கிடைத்திருக்கும் என்று கண்டார். நல்ல பலன் கண்டுவந்த இன்னொரு மருத்துவரிடம் போய் மறுபயிற்சி பெற்றார், நிலைமை சீரடைந்தது. கோடு அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: எண்ணத் தொடங்கினால் ஏமாற்றும் தொடங்கும். உண்மை. நியூயார்க் மாநிலம் 1989 முதல் பைபாஸ் ஆபரேஷன்களைப் பதிவு செய்து, ஆபத்துக்கு ஏற்பத் திருத்திய இறப்பு விகிதங்களை வெளியிட்டது. அந்த விகிதம் 4.17 சதவீதத்திலிருந்து 1992-இல் 2.45 ஆகக் குறைந்தது. கூடவே, நோயாளிகளுக்கு நாள்பட்ட நுரையீரல் நோய் இருப்பதாக எழுதுவது இரு மடங்குக்கும் மேல் பெருகியது. நம் அண்ணாச்சி இதை நொடியில் புரிந்துகொள்வார்: வாடிக்கையாளர் எல்லோரையும் ‘ரொம்பக் கஷ்டப்படுகிறவர்’ என்று நோட்டில் எழுதிவிட்டால், வந்த பணமெல்லாம் சாமர்த்தியமாகத் தெரியும். தருவாரா என்று சந்தேகப்படுகிறவருக்குக் கடனே கொடுக்காமல் விடவும் செய்யலாம். பழைய காலத்து வட்டார வழக்கத்தை மாற்றாமல் வைத்திருப்பது இன்னும் சுலபம். மருத்துவம் முன்னேறியதால் பழைய யூரோஸ்கோர் ஆபத்தை மிகைப்படுத்தத் தொடங்கி, எல்லோர் கோடும் மேலே ஏறியது. அதனால்தான் 2012-இல் அதன் புதிய வடிவம் வந்தது. உவமை நொண்டும் இடமும் இங்கேதான். ஒரு கடையில் அரிசி கிடைக்காதவர் அடுத்த கடைக்கு நடப்பார். ‘ரிஸ்க் அதிகம்’ என்று திருப்பி அனுப்பப்பட்ட இதய நோயாளியால் நடக்க முடியாது.

ஆனால் அதே நியூயார்க்கில்தான் ஆல்பனி நகரத்து செயின்ட் பீட்டர்ஸ் மருத்துவமனையும் இருக்கிறது. அதன் எண்கள் மோசமாக வந்ததும், மருத்துவர்கள் முதலில் சந்தேகப்பட்டது கணக்கைத்தான். பிறகு கேஸ் ஷீட்டுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். சாதாரண நோயாளிகளிடம் குறையில்லை. கோளாறு முழுக்க அவசரமாக வந்தவர்களிடம். 1992-இல் அவர்களில் நான்கில் ஒருவர் இறந்திருந்தார். நிலைகுலைந்து வந்தவரை முதலில் நிலைப்படுத்தாமல் நேராக ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனதுதான் காரணம் என்று முடிவுசெய்து முறையை மாற்றினார்கள். அடுத்த ஆண்டு அவசர நோயாளிகளில் ஒருவரும் இறக்கவில்லை. அந்தப் பூஜ்யத்தில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். ஆனால் இறப்புச் சரிவு முழுவதையும் அதிர்ஷ்டத்தின் தலையில் கட்ட முடியாது. ஏமாற்ற முடியும் என்பதற்காக நோட்டைப் பார்க்காமலே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம் சாட்சி. அங்கே குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சையை ஆராய்ந்த இயன் கென்னடியின் விசாரணைக் குழு 2001-இல் அறிக்கை தந்தது: 1991 முதல் 1995 வரை, வேறு சாதாரண மையத்தில் எதிர்பார்ப்பதைவிட, ஒரு வயதுக்கு உட்பட்ட 30 முதல் 35 குழந்தைகள் கூடுதலாக இறந்திருந்தார்கள். தரவு இல்லாமல் போகவில்லை. வேண்டிய மட்டும் இருந்தது. மயக்க மருத்துவர் ஸ்டீபன் போல்சின் கணக்கெடுத்துக் குரல் கொடுத்தும், கேட்பது தன் கடமை என்று நினைத்தவர்தான் இல்லை.

இதையெல்லாம் இனி செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கு ஒரு தகவல். தொற்று முற்றி உயிருக்கே ஆபத்தாகும் செப்சிஸ் நிலையை முன்கூட்டியே கண்டறியும் என்று சொல்லி, எபிக் நிறுவனத்தின் மென்பொருள் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைத் தங்கள் நோயாளிகளிடம் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள்: செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரை அது தவறவிட்டது, அனுமதிக்கப்பட்டவர்களில் 18 சதவீதத்தினருக்கு மணி அடித்தது. மென்பொருளே வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. அது சொன்னதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒருவரால்தான் இது தெரிந்தது என்பதே பொருள். இந்த வேலைக்கு வர நினைக்கும் இளைஞர்கள் கற்க வேண்டியதும் இதுதான். கணிதம் பெரும்பாலும் கூட்டல், கழித்தல், கொஞ்சம் நிகழ்தகவு. மீதி, கேஸ் ஷீட்டைப் படிக்கும் பொறுமையும், வார்டுக்குப் போய் நர்ஸிடம் கேட்கும் பணிவும், பதில் பிடிக்காத மேலதிகாரியிடம் அதையே திருப்பிச் சொல்லும் தைரியமும். செலவைப் பொறுத்தவரை, திரைக்கும் மென்பொருளுக்கும் கோடிகள் ஒதுக்கும் மருத்துவமனை, முப்பதாம் நாள் போன் செய்ய ஓர் ஆளை நியமித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதே அதற்குத் தெரியாது. எத்தனை பேர் இறந்திருக்க வேண்டும் என்று அது எந்தக் கணினியிடம் கேட்டும் பயனில்லை.