காப்பி இயந்திரமும் மின்சுற்றும்

காலை வேளையில் சிற்றுண்டிச் சாலைகளில் கூட்டம் நெருக்கும்போது, காப்பி இயந்திரம் ஓய்வின்றி நீரைக் கொதிக்கவைத்துக் கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பளபளப்பில் மனத்தைச் செலுத்தும் நாம், சுவரோரமாகச் செல்லும் மின்கம்பியையும் அதன் நுனியிலுள்ள பிளக்கையும் கவனிப்பதில்லை. எனக்குப் பழக்கமான ஒரு சிற்றுண்டிச் சாலையில் அந்தப் பிளக் ஒரு நாள் கருகிவிட்டது. மட்டமான பிளக் என்று முடிவு கட்டிய உரிமையாளர் உயர்ந்த ரகமாக வேறொன்று வாங்கிப் போட்டார். அதுவும் மூன்றாம் வாரத்தில் கருகிற்று. குற்றம் பிளக்கில் இல்லை. அதைச் செருகிய இடத்தில் இருந்தது.

ஒரு லிட்டர் நீரை 25 டிகிரி சென்டிகிரேடிலிருந்து 95 டிகிரிக்கு உயர்த்த ஏறத்தாழ 294 கிலோஜூல் வெப்பம் வேண்டும். வீட்டிலுள்ள 1 கிலோவாட் கெட்டில் இதற்கு ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டால் யாரும் வருந்தமாட்டார்கள். கடையில் டம்ளருக்காகக் காத்து நிற்பவர் அவ்வளவு பொறுப்பாரா? சூடேற்றி 3 கிலோவாட்டாக இருந்தால் அதே வேலை சுமார் 100 விநாடிகளில் முடியும். அந்த வேகத்திற்கு நாம் கொடுக்கும் விலையே மின்னோட்டம்.

இயந்திரத்தின் பின்புறத்திலோ அடியிலோ ஒரு சிறு தகடு பொருத்தப்பட்டிருக்கும். முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். அதில் கண்ட வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 3000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 13 ஆம்பியர். நம் நாட்டுச் சுவர்களில் இருவகை சாக்கெட்டுகள் உண்டு: சிறியது 6 ஆம்பியருக்கு, பெரியது 16 ஆம்பியருக்கு. (கடைக்காரர்கள் பழைய வழக்கப்படி 5 என்றும் 15 என்றும் சொல்வது இவற்றையே.) நம் நண்பரோ பெரிய பிளக்கை ஓர் அடாப்டரின் உதவியால் சிறிய சாக்கெட்டில் நுழைத்திருந்தார். ஆறு தாங்கும் இடத்தில் பதின்மூன்று!

இதனால் விளைவது என்ன? மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் உண்டாகும் வெப்பம் தெரியும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். பிளக்கின் முனை சாக்கெட்டில் சற்றுத் தளர்ந்து, அங்கே 0.1 ஓம் தடை மட்டுமே இருப்பதாகக் கொள்வோம். 6 ஆம்பியர் பாய்ந்தால் அங்கே எழும் வெப்பம் 3.6 வாட், 13 ஆம்பியர் பாய்ந்தால் ஏறத்தாழ 17 வாட். சுண்டுவிரல் நுனியளவான இடத்தில் 17 வாட் என்பது பற்றவைக்கும் சூட்டுக்கோலின் வேலை. சூட்டினால் உலோகத்தின் பிடி மேலும் தளர்கிறது. தளர்ச்சியால் தடை கூடுகிறது. தடையால் சூடு கூடுகிறது. புதுப் பிளக் கருகியதில் வியப்பில்லை.

பெரிய சாக்கெட் வைத்துவிட்டால் போதுமா என்றால், போதாது. சுவருக்குள் வரும் கம்பியும் அதற்கு ஈடாக இருக்க வேண்டும். 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி பொதுவான அளவு. அக்கம்பி மின்பலகையிலிருந்து இந்த ஓர் இயந்திரத்திற்காக மட்டும் வரவேண்டும். மாவரைக்கும் இயந்திரத்தையும் குளிர்பெட்டியையும் அதே சுற்றில் சேர்த்தால் கணக்கு தவறிவிடும். சுற்றின் தலைவாசலில் நிற்கும் எம்.சி.பி. என்னும் தானியங்கி ஸ்விட்ச், முக்கியமாகக் கம்பியைக் காப்பதற்கே உள்ளது. அது அடிக்கடி விழுகிறதே என்று 16-ஐ எடுத்துவிட்டு 32 போடுவோர் உளர். அதன் பின், ஓட்டம் மிஞ்சும்போது ஸ்விட்ச் விழாது, கம்பிதான் காயும். அதுவும் சுவருக்குள், எவர் கண்ணிலும் படாமல்.

இன்னும் பெரிய இயந்திரங்கள் 6 கிலோவாட் வரை கேட்கும். ஒரே பேஸில் இது 26 ஆம்பியர். வீட்டுப் பிளக் எதுவும் இதற்கு ஆகாது. 32 ஆம்பியர் தொழிற்சாலைப் பிளக்கையோ, பிளக்கே இல்லாமல் நேரடி இணைப்பும் தனி ஸ்விட்சுமோ வைக்க வேண்டும். மூன்று பேஸ்களில் பகிர்ந்துகொள்ளுமாறு அமைந்த இயந்திரமானால் ஒவ்வொன்றிலும் 9 ஆம்பியருக்குள் அடங்கிவிடும்.

அயல்நாட்டிலிருந்து வரும் இயந்திரங்களில் இருவகை ஆபத்து உண்டு. அமெரிக்காவின் 120 வோல்ட் சூடேற்றியை நம் 230 வோல்ட்டில் இணைத்தால், அது தனக்கு விதித்ததைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேலான திறனை இழுத்து எரிந்துபோகும். ஜெர்மனி முதலிய நாடுகளின் இயந்திரம் வோல்ட்டில் பொருந்தும். ஆனால் அதன் பிளக்கில் எர்த் தொடர்பு பக்கவாட்டுத் தகடுகளில் உள்ளது. இரு முனைகளும் நம் சாக்கெட்டில் நுழைந்து இயந்திரம் ஓடினாலும், எர்த் கிடைப்பதில்லை. நீரும் ஆவியும் உலோக உடலும் ஒன்றுசேர்ந்த ஒரு பொருளுக்கு எர்த் இல்லையெனில், உள்ளே மின்காப்புக் கெடும் நாளில் முதலில் தொடுபவர் உடலே மின்சாரத்திற்கு வழியாகும். ஆகவே இயந்திரத்தின் மூன்று கம்பிகளையும் நம் நாட்டுப் பிளக்கில் தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு இணைக்கவேண்டும். சுற்றில் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இருக்கவேண்டும்.

நம் மூன்றுமுனைப் பிளக்கை எடுத்துப் பாருங்கள். எர்த் முனை மற்ற இரண்டையும்விடப் பருத்தும் நீண்டும் இருக்கும். செருகும்போது அது முதலில் தொடுகிறது. பிடுங்கும்போது கடைசியில் விடுகிறது. மின்சாரம் வருமுன் காவல் வந்துவிடுகிறது. மின்சாரம் போன பின்பே காவல் போகிறது.