கடல் காட்டிய கற்காலக் கிராமம்

1850ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், ஸ்கொத்லாந்தின் வடகோடிக்கு அப்பாலுள்ள ஓர்க்னித் தீவுகளைப் பெரும்புயல் ஒன்று தாக்கியது. ஸ்கெயில் குடாக் கரையிலிருந்த மணல்மேட்டின் புல்லைக் காற்றுப் பெயர்த்தெறிந்தது. புயல் ஓய்ந்தபின் பார்த்தோர் மணலுக்கடியில் கற்சுவர்களைக் கண்டனர். ஸ்காரா பிரே என்னும் புதிய கற்காலக் கிராமம் இவ்வாறே வெளிப்பட்டது.

மரம் அரிதான அத்தீவுகளில், எளிதிற் பலகைபோற் பிளவுபடும் கல் ஏராளமாக உண்டு. ஆகவே மக்கள் வீட்டை மட்டுமன்றி வீட்டுப் பொருள்களையும் கல்லாலேயே அமைத்தனர். வீட்டின் நடுவே அடுப்பு, இருபுறமும் கட்டில்கள், வாயிலுக்கு எதிரே பாண்டங்களை அடுக்கிவைக்கத் தட்டுகள். மரத்தாற் செய்திருந்தால் இவை என்றோ உக்கிப்போயிருக்கும். கல்லானமையின் இன்றும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

குளிர்காற்றைத் தடுக்க அவர்கள் கண்ட வழி வியப்புக்குரியது. நெடுங்காலம் சேர்ந்து இறுகிய குப்பைமேட்டினுள்ளே வீடுகளைப் பதித்துக் கட்டினர். அம்மேடு சுவருக்குப் போர்வையாயிற்று. வீட்டுக்கு வீடு தாழ்வான, மூடிய நடைவழிகள் இருந்தன. கழிவுநீர் செல்ல வடிகாலும் இருந்தது.

1924ஆம் ஆண்டில் இன்னொரு புயல் ஒரு வீட்டின் பகுதியை அடித்துச் சென்றது. அதன்பின்னரே கிராமத்தைக் காக்கும் முயற்சி முறையாகத் தொடங்கியது. கடலைத் தடுக்க மதில் எழுப்பப்பட்டது. பேராசிரியர் கோர்டன் சைல்டு அகழாய்வு நடத்தினார். அவர் இதனைப் பிற்காலத்தவரான பிக்ற் இனத்தாரின் ஊர் என்றே முதலிற் கருதினார். 1970களின் அகழாய்வும் காபன் முறைக் காலக் கணிப்பும் உண்மையைத் தெளிவாக்கின. கி.மு. 3180 அளவில் தொடங்கி ஏறத்தாழ 600 ஆண்டுகள் மக்கள் இங்கு வாழ்ந்திருக்கின்றனர். எகிப்தின் பெரிய பிரமிட்டு எழுவதற்கு முன்பே இவ்வீடுகளில் அடுப்பெரிந்தது.

1999ஆம் ஆண்டில், அயலிலுள்ள வேறு கற்காலச் சின்னங்களுடன் இவ்விடமும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. ஆயினும் பட்டியல் அலைக்கு அணையாகாது. மக்கள் வாழ்ந்த நாளிற் கரை இன்னும் தொலைவில் இருந்தது. இப்போது அலைகள் மதிலின் அடியிலேயே மோதுகின்றன. மதிலின் இரு முனைகளிலும் கரை அரிக்கப்படுகிறது. கடல்மட்டம் உயர உயர இவ்வாபத்தும் பெருகும்.

மணல் மூடியிருந்த காலமெல்லாம் இக்கிராமத்தை மணலே காத்தது. திறந்துவிட்ட பின்னர் அப்பொறுப்பு மனிதரைச் சேர்ந்தது. பழைமையைக் கண்டெடுப்பதோடு கடமை முடிவதில்லை. அங்கேதான் அது தொடங்குகிறது என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.